ஒரே வால்வால் வந்த இரண்டு பழுதுகள்: டிரம் பிரேக்கின் எச்ச அழுத்த வால்வு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் முறையீடும்

இந்த ஆய்வுக்கு உட்பட்ட வண்டி, நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் பொருத்தித் தயாரிக்கப்பட்ட ஒரு பழைய இலகுரகச் சரக்கு வண்டி. முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று என இரண்டு தனித்தனிச் சுற்றுகளுக்கு ஆயில் அனுப்பும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் அதில் இருந்தது. முன் பிரேக்கின் பிடிப்பு போதவில்லை என்று உரிமையாளர் முன் சக்கரங்களை மட்டும் டிஸ்க் பிரேக்காக மாற்றிக்கொண்டார். மாஸ்டர் சிலிண்டர் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

மாற்றிய சில நாட்களிலேயே முன் சக்கரங்கள் இரண்டும் அளவுக்கு மீறிச் சூடேறின. ஓட்டம் முடிந்து சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் அரைச் சுற்றுக்கு மேல் அது போகவில்லை. காலிபரின் (பேடுகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தின்) சறுக்குப் பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார்கள், பிறகு ரப்பர் ஹோஸ்களை மாற்றினார்கள், இரண்டாலும் பயனில்லை. கடைசியில் மாஸ்டர் சிலிண்டரைத்தான் சந்தேகித்து, நான்கு சக்கரமும் டிஸ்க்காக உள்ள வண்டிகளுக்கான புதிய சிலிண்டர் ஒன்றைப் பொருத்தினார்கள். முன் சக்கரங்களின் சூடு அன்றோடு நின்றது. அடுத்த வாரத்திலிருந்து வேறொரு முறையீடு தொடங்கியது. காலையில் முதல் மிதிக்குப் பெடல் பஞ்சு போலத் தரை வரை இறங்கியது. இரண்டாம் மூன்றாம் மிதிக்குத்தான் மேலே வந்தது. பின் சக்கரங்களின் பைப்பில் சேர்ந்த காற்றை ஆயிலோடு வெளியேற்றினால், அதாவது காற்று எடுத்தால், குமிழிகள் வந்தன, பெடலும் சரியானது. நான்கைந்து நாளில் மறுபடியும் பழைய நிலை. ஆயில் எங்கேயும் கசியவில்லை. சக்கரத்தில் ஆயில் அழுத்தத்தால் பிரேக் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் தூசிக் கவசங்களை விலக்கிப் பார்த்தபோதும் உட்புறம் காய்ந்தே இருந்தது.

வண்டி எங்கள் கைக்கு வந்தது இந்தக் கட்டத்தில்தான். உரிமையாளர் இரண்டாவது பழுதை மட்டும் சொன்னார். முதல் பழுதை அது தீர்ந்துபோன கதை என்று ஓரமாகக் குறிப்பிட்டார். இரண்டும் ஒரே உதிரிப்பாகத்தைச் சுற்றியவை என்பது ஆய்வு பாதி நடந்த பிறகே எங்களுக்கும் புரிந்தது.

அந்த உதிரிப்பாகம்

பட்டறைகளில் வெறுமனே செக் வால்வு என்று சொல்லப்படும் இது, உண்மையில் ஓர் எச்ச அழுத்த வால்வு. பெடலை விட்ட பிறகும் டிரம் பிரேக்குக்குப் போகும் பைப்பில் சிறிதளவு அழுத்தத்தைத் தேக்கி வைப்பது இதன் வேலை. டிரம் பிரேக்குக்குப் பரவலாகப் பயன்படும் அளவு சுமார் 0.7 பார், பழைய வண்டிகளில் 0.4 முதல் 1.2 பார் வரை வேறுபடும். முழு பிரேக் பிடிக்கும்போது பைப்பில் எழும் அழுத்தம் பல பத்து பார் என்பதால், அதன் முன் இது மிகச் சிறியது.

வால்வுக்குள் இரண்டு வழிகள் உண்டு. பெடலை மிதிக்கும்போது ஆயில், நடுவில் உள்ள வாத்து மூக்கு வடிவ ரப்பரின் உதடுகளை விலக்கிக்கொண்டு ஏறக்குறையத் தடையின்றிச் சக்கரத்தை நோக்கிப் போகிறது. பெடலை விட்டதும் ஷூக்களின் (டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் வளைந்த கட்டைகளின்) இழுவை ஸ்பிரிங்குகள் வீல் சிலிண்டரிலிருந்து ஆயிலைத் திருப்பித் தள்ளுகின்றன. அப்போது வாத்து மூக்கு மூடிக்கொள்வதால், ஆயில் அந்த வால்வு முழுவதையும் அதன் இருக்கையிலிருந்து தூக்கி, அதைப் பிடித்திருக்கும் மெல்லிய ஸ்பிரிங்கை அழுத்தி, விளிம்பு வழியாக மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்புகிறது. பைப்பின் அழுத்தம் அந்த ஸ்பிரிங்கின் வலிமைக்கு இறங்கிய கணத்தில் வால்வு இருக்கையில் அமர்ந்துவிடுகிறது. மிஞ்சிய அழுத்தம் பைப்பிலேயே நிற்கிறது. ஒற்றைச் சுற்று உள்ள மிகப் பழைய மாஸ்டர் சிலிண்டர்களில் இந்த வால்வு துளையின் கடைசியில் இருக்கும். பிஸ்டனைத் திருப்பும் ஸ்பிரிங்கே அதை இருக்கையோடு அழுத்திப் பிடிக்கும். இரட்டைச் சிலிண்டர்களில் டிரம்முக்குப் போகும் ஒவ்வொரு வாயிலிலும், பைப் வந்து அமரும் பித்தளை இருக்கைக்கு அடியில் அது ஒளிந்திருக்கும். இருக்கையைப் பிடுங்கினால் ஒழியக் கண்ணில் படாது என்பதே இந்த வண்டியின் கதையில் பாதிக்குக் காரணம்.

பிரேக் ஆயில் சூடேறி விரிந்தால் இந்த வால்வு அதைச் சிறைப்படுத்திவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி ஆவதில்லை. விரிவால் அழுத்தம் 0.7 பாரைத் தாண்டினால் வால்வு தூக்கிக்கொண்டு மிகுதியைத் தொட்டிக்கு அனுப்பிவிடும். குளிர்ந்து சுருங்கி அழுத்தம் மிகக் குறைந்தால், வாத்து மூக்கின் வழியே தொட்டியிலிருந்து ஆயில் உள்ளே வந்துவிடும்.

ஷூவுக்காகவா, கப்புக்காகவா?

இந்த வால்வு ஷூக்களை டிரம்முக்கு அருகிலேயே நிறுத்தி வைக்கிறது என்ற நம்பிக்கை பட்டறைகளில் வேரூன்றி இருக்கிறது. எங்களிடம் வருவதற்கு முன் இந்த வண்டியைப் பார்த்தவரும் அதை நம்பியே, பெடல் இறங்குவது ஷூ இடைவெளியால்தான் என்று முடிவு செய்து, ஷூக்களைச் சரிக்கட்டியதோடு கைப் பிரேக் கேபிளையும் இறுக்கியிருந்தார். பெடல் கொஞ்சம் உயர்ந்தது. உண்மையான பழுது மேலும் சில நாட்கள் மறைந்து நின்றது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்பதில்லை. இந்த வண்டியின் பின் வீல் சிலிண்டர் 22.2 மி.மீ. விட்டமுள்ளது, அதன் பரப்பு சுமார் 387 சதுர மி.மீ. அதன் மேல் 0.7 பார் செலுத்தும் விசை 27 நியூட்டன். அதாவது மூன்று கிலோவுக்கும் குறைவான எடையின் தள்ளல். ஷூவை உள்ளே இழுக்கும் ஸ்பிரிங்கின் விசை பொதுவாக இதைப் போலப் பல மடங்கு. ஆகவே எச்ச அழுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஷூக்கள் தங்கள் ஓய்விடத்துக்கே போய்ச் சேரும். டிரம்மை உரசாது, டிரம்முக்கு அருகில் காத்தும் நிற்காது. டிரம் பிரேக் இந்த அழுத்தத்தைப் பாதகமின்றித் தாங்குவதும் இதனால்தான்.

வால்வு காப்பது வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பை. கப்பின் உதடு ஆயில் இருக்கும் பக்கத்தை நோக்கித் திறந்திருக்கும். உள்ளே அழுத்தம் இருக்கும்போது அது உதட்டை விரித்துச் சிலிண்டர் சுவரோடு ஒட்டவைக்கிறது. அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகுகிறது. அழுத்தம் இல்லாதபோது கப்பின் சொந்த மீள்தன்மை மட்டுமே உதட்டைச் சுவரில் வைத்திருக்கிறது. நாள்பட்ட ரப்பரில் அந்த மீள்தன்மை தளர்ந்திருக்கும், குளிரில் விறைப்பேறவும் செய்யும். உட்புற அழுத்தம் வெளிக் காற்றின் அழுத்தத்தை விடக் குறைந்துவிட்டால் நிலைமை தலைகீழ்: வெளியிலிருந்து வரும் காற்று உதட்டை உட்புறமாக வளைத்து, ஒருவழிக் கதவைத் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிடும். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பதில்லை. அதனால்தான் காற்று புகுந்தும் ஒரு துளி ஆயில்கூட வெளியே தென்படாமல் இருந்தது.

உட்புற அழுத்தம் அப்படிக் குறைவது எப்போது? பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கும்போது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் தன் ஸ்பிரிங்கின் வேகத்தில் உடனே பின்வாங்குகிறது. சில மீட்டர் நீளமுள்ள குறுகிய பைப்பில் ஆயில் அதே வேகத்தில் திரும்பி வர முடியாது. பிஸ்டனுக்கு முன்னால் கணநேர உறிஞ்சல் உண்டாகிறது; தொட்டி ஆயில் பிஸ்டன் தலையின் சிறு துளைகள் வழியாகக் கப்பின் உதட்டைத் தாண்டி வந்து அதை நிரப்புகிறது. ஆனால் நிரப்பி முடிவதற்குள் அந்த உறிஞ்சலின் ஒரு பங்கு பைப்புக்குள்ளும் பரவும். ஷூக்கள் உள்ளே வந்துகொண்டிருக்கும் வரை ஸ்பிரிங்குகள் வீல் சிலிண்டரில் அழுத்தத்தைக் காப்பாற்றுகின்றன. அவை ஓய்விடத்தில் அமர்ந்த பிறகும், பைப்பில் நகர்ந்துகொண்டிருக்கும் ஆயில் தன் வேகத்தில் சற்று முன்னே போக முயல்கிறது. அந்தக் கணத்தில் வீல் சிலிண்டரில் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கலாம். எச்ச அழுத்த வால்வு இருந்தால் 0.7 பாரிலேயே வழி மூடப்பட்டு, ஆயிலின் ஓட்டம் அழுத்தம் மிச்சம் இருக்கும்போதே நின்றுவிடும். மாஸ்டர் சிலிண்டரின் உறிஞ்சல் சக்கரம் வரை போகவே போகாது.

ஒரு தடவையில் புகும் காற்று கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அது சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இப்படிக் கணக்கிடலாம். இங்கே மாஸ்டர் சிலிண்டரும் 22.2 மி.மீ. விட்டமுள்ளது, பெடலின் நெம்பு விகிதத்தை 5 என்று கொள்வோம். ஒரே ஒரு கன செ.மீ. காற்று பைப்பில் இருந்தால், பிரேக் அழுத்தத்தில் அது ஏறக்குறைய முழுதும் நசுங்கிப்போவதால், பிஸ்டன் 2.6 மி.மீ. வீணாக நகர வேண்டும். பெடலில் அது 13 மி.மீ. மூன்று கன செ.மீ. சேர்ந்தால் ஏறக்குறைய 4 செ.மீ. பெடல் போய்விடும்.

சோதனைகள்

முதலில், பெடல் இறங்குவது இடைவெளியாலா, காற்றாலா என்று பிரித்துப் பார்த்தோம். ஷூ இடைவெளி மட்டும் அதிகமாக இருந்தால் பெடல் தாழ்வாக இறங்கி, இறங்கிய இடத்தில் கல் போல நிற்கும். இங்கே அடியிலும் மெத்தென்றே இருந்தது. இறுக்கியிருந்த கைப் பிரேக் கேபிளைத் தளர்த்தி, ஷூக்களை முறைப்படி சரிக்கட்டிய பிறகும் அந்த மெத்தென்ற தன்மை மாறவில்லை. காற்று எடுத்த பிறகு மறைந்தது. பின் இரு சக்கரங்களிலும் குமிழி வந்தது, முன்னால் ஒன்றுகூட வரவில்லை. மாஸ்டர் சிலிண்டர் காற்றை உறிஞ்சுவதாக இருந்தால், ஒரு சுற்றில் மட்டும், அதுவும் இரண்டு சக்கரத்துக்கும் பொதுவாகக் குமிழி வருவது அந்தச் சுற்றின் கப்பையே குற்றம் சாட்டும். எனவே பின் சுற்றின் வாயிலை மட்டும் அடைப்பான் திருகி மூடி மிதித்துப் பார்த்தோம். பெடல் உயரத்தில் இறுகி அசையாமல் நின்றது. சிலிண்டர் குற்றமற்றது.

அடுத்து எச்ச அழுத்தத்தைச் சோதித்தோம். இதற்கு அழுத்தமானி வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். ஒரு பாருக்கும் கீழே துல்லியமாகக் காட்டும் மானியைப் பிரேக் பைப்பில் இணைத்துவிட்டு, யாராவது மறந்து பெடலை மிதித்தால் மானி அங்கேயே செத்துவிடும். எளிய வழி போதும். பெடலை நன்றாக மிதித்து விட்டுவிட்டு, சில விநாடி கழித்து வீல் சிலிண்டரில் காற்று எடுப்பதற்கென உள்ள ப்ளீடர் திருகைத் தளர்த்த வேண்டும். எச்ச அழுத்தம் இருந்தால் ஆயில் ஒரு கணம் பீய்ச்சி உடனே நிற்கும். இல்லாவிட்டால் தொட்டியின் உயரத்தால் மட்டுமே சொட்டும். இந்த வண்டியின் பின் சக்கரத்தில் சொட்டியது. அரை மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டி கொடுக்கும் அழுத்தம் 0.05 பார் மட்டுமே. வால்வு கொடுக்க வேண்டியதில் அது பதினான்கில் ஒரு பங்கு.

உறுதிப்படுத்த, பின் வாயிலின் பைப்பைக் கழற்றி, முனை மழுங்கிய மெல்லிய கம்பியைப் பித்தளை இருக்கையின் துளைக்குள் மெதுவாக விட்டோம். வால்வு இருந்தால் கம்பி சில மி.மீ. போனதும் ரப்பரில் இடித்து, ஸ்பிரிங்கின் எதிர்ப்போடு நிற்கும். இங்கே தடையின்றி உள்ளே போனது. புதிய சிலிண்டரின் இரண்டு வாயில்களிலும் வால்வு இல்லை. அது டிஸ்க் பிரேக்குக்கான சிலிண்டர் என்பதால் அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

முன் சக்கரங்கள் ஏன் சூடேறின

இந்த இடத்தில்தான் உரிமையாளர் ஓரமாகச் சொன்ன கதை ஞாபகத்துக்கு வந்தது. பழைய சிலிண்டர் நான்கு டிரம்களுக்கானது. எனவே அதன் இரு வாயில்களிலும் எச்ச அழுத்த வால்வு இருந்திருக்க வேண்டும். டிஸ்க் பிரேக்கில் பேடைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. காலிபர் பிஸ்டனின் சதுர வெட்டு சீல் தான் முறுக்கிய அளவுக்குத் திரும்பும்போது பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாக இழுத்துக்கொள்வதோடு சரி. முன் பைப்பில் 0.7 பார் தங்கினால் அந்தப் பின்வாங்கலே தடைபடும்.

அளவைப் பார்த்தால் வீல் சிலிண்டருக்கும் காலிபருக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். 54 மி.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 2,290 சதுர மி.மீ.; அதே 0.7 பார் அங்கே 160 நியூட்டனாகிறது. உராய்வு எண் 0.4 என்று கொண்டால் டிஸ்க்கின் இரு பக்கமும் சேர்ந்து 128 நியூட்டன் இழுவை, 10 செ.மீ. ஆரத்தில் அது 12.8 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. 32 செ.மீ. உருளும் ஆரமுள்ள சக்கரம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடினால் ஒவ்வொரு முன் டிஸ்க்கிலும் இடைவிடாமல் 650 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். சீலின் உராய்வும் அதன் பின்வாங்கலும் இதில் ஒரு பகுதியைக் கழிக்கும் என்றாலும், சக்கரத்தைச் சூடாக்க மிச்சமே போதும்.

அப்போதே மாஸ்டர் சிலிண்டரின் ஈடுசெய் துளை (பெடலை விட்டதும் மிகுதி ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை) அடைபட்டிருப்பதாகவும் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதுவும் இதே அறிகுறியைத் தரக்கூடியதுதான். தொட்டியின் மூடியைத் திறந்துவைத்து, வேறொருவர் பெடலை மெல்ல அழுத்தத் தொடங்கும்போது ஆயிலின் மேற்பரப்பில் சிறு ஊற்று எழுந்தால் துளை திறந்திருக்கிறது என்று பொருள். அடைப்பு என்றால் மிதிக்க மிதிக்கவும் சூடேற ஏறவும் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். எச்ச வால்வு என்றால் 0.7 பாரில் நின்றுவிடும், சக்கரம் முற்றாகப் பூட்டிக்கொள்ளாது. இந்த வண்டியின் சக்கரங்கள் அரைச் சுற்றாவது சுழன்றன என்பது வால்வின் பக்கமே சாய்ந்த சாட்சி.

அப்போதைக்குச் செய்திருக்க வேண்டியது மிகச் சிறிய வேலை. முன் வாயிலின் பித்தளை இருக்கையில் ஒரு திருகை ஏற்றி இழுத்து, அடியிலிருந்த வாத்து மூக்கையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, புதிய இருக்கையை அடித்திருந்தால் முடிந்திருக்கும். பின் வாயிலின் வால்வு தன் இடத்தில் இருந்திருக்கும், இரண்டாவது பழுது பிறந்தே இருக்காது.

ஏன் எல்லா வண்டிக்கும் இது நேர்வதில்லை

பின்னால் டிரம் பிரேக் இருந்தும் எச்ச அழுத்த வால்வே இல்லாத வண்டிகள் ஏராளம். அவை காற்றை உறிஞ்சுவதில்லை. அவற்றின் வீல் சிலிண்டர்களில் ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் கிண்ணம் போன்ற ஒரு தகடு இருக்கும். அது கப்பின் உதட்டுக்குள் அமர்ந்து, அழுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உதட்டை விரித்தே வைத்திருக்கும். 1970களுக்குப் பிறகு வடிவமைக்கப்பட்ட பல வண்டிகளில் வால்வின் வேலையை இந்தத் தகடு எடுத்துக்கொண்டது. நாங்கள் இந்த வண்டியின் பின் வீல் சிலிண்டரைத் திறந்தபோது, வெறும் சுருள் ஸ்பிரிங் கப்பின் நடுவில் மட்டும் ஊன்றியிருந்தது. உதட்டைத் தாங்க எதுவும் இல்லை. வால்வை நம்பி வடிவமைத்த வீல் சிலிண்டரும், வால்வு தேவையில்லை என்று வடிவமைத்த மாஸ்டர் சிலிண்டரும் ஒரே சுற்றில் இணைந்திருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குறை இல்லை.

திறக்கும்போது ஒரு சிறு எச்சரிக்கை, வால்வு உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். ஷூக்களைக் கழற்றிவிட்டால் மேலே சொன்ன 27 நியூட்டனை எதிர்க்க ஒன்றும் இல்லாமல் பிஸ்டன்கள் தாமாக வெளியே நழுவி வரும். பழைய பழுதுநீக்கக் கையேடுகள் வீல் சிலிண்டருக்குக் கிளாம்ப் போடச் சொன்னது இதற்காகவே.

தீர்வு

இரண்டு வழிகள் இருந்தன: தகடுள்ள வீல் சிலிண்டர்களைப் பொருத்துவது, அல்லது பின் பைப்பில் தனி வால்வு ஒன்றைச் சேர்ப்பது. என் விருப்பம் முதலாவது. கூடுதல் இணைப்புகள் இல்லை, கசிய இடமும் இல்லை. ஆனால் இந்த வண்டியின் பழைய வகைக் கப்புகள் ஆழம் குறைந்தவை. தகடு அவற்றில் சரியாக அமரவில்லை, அளவு பொருந்தும் முழு வீல் சிலிண்டரும் கிடைக்கவில்லை. ஆகவே கப்புகளைப் புதிதாக மாற்றி, 0.7 பார் வால்வு ஒன்றைப் பின் பைப்பில் சேர்த்தோம்.

சேர்க்கும் இடத்தில் கவனம் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு அருகில், பைப் இரு சக்கரங்களுக்கும் பிரியும் முன், அம்புக்குறி சக்கரத்தை நோக்கி இருக்கும்படி பொருத்த வேண்டும். திருப்பிப் பொருத்தினால் சக்கரத்துக்குப் போகும் ஆயில்தான் 0.7 பாரை வென்று போக வேண்டியிருக்கும், பைப்பில் எச்ச அழுத்தமும் தேங்காது. மாஸ்டர் சிலிண்டரில் ஏற்கெனவே வால்வு இருக்கும்போது வெளியிலும் ஒன்றைச் சேர்த்தால் இரண்டின் எதிர்ப்பும் கூடி 1.4 பார் தேங்கும். அதனால்தான் கம்பிச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. டிஸ்க்குக்கான 0.14 பார் வால்வு என்று வேறொன்று உண்டு. மாஸ்டர் சிலிண்டர் வண்டித் தளத்துக்கு அடியில், காலிபரை விடத் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் ஆயில் பின்னோக்கி வடிந்துவிடாமல் தடுப்பதற்கானது அது, 0.14 பார் என்பது ஏறத்தாழ 1.3 மீட்டர் உயர ஆயில் தம்பத்துக்குச் சமம், ஆகையால் அந்த வேலைக்குத் தாராளம். டிரம்முக்கு அது போதாது. உருவத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால், பெட்டியை நம்பாமல் வால்வின் மேல் பொறித்த அளவைப் படித்துவிட்டே பொருத்தினோம்.

காற்று எடுக்கும் முறையும் சற்று மாறியது. ஆயிலைத் தானாக வடியவிட்டுக் காற்று எடுக்கும் முறை இந்த வால்வோடு மிக மெதுவாகவே நடக்கும், தொட்டியின் சொற்ப அழுத்தம் வாத்து மூக்கை எளிதில் திறப்பதில்லை. பெடலை மிதித்து எடுப்பதே சுலபம். ப்ளீடர் வழியாக ஆயிலை மேல்நோக்கித் தள்ளும் முறையில் வால்வின் 0.7 பாரையும் வென்றாக வேண்டும்.

பொருத்திய பின் ப்ளீடரைத் தளர்த்தியபோது ஆயில் ஒரு விரற்கடை பீய்ச்சி நின்றது. பின் சக்கரங்களைத் தூக்கிச் சுழற்றினோம், உரசல் இல்லை. ஒரு மாதம் கழித்து வந்த வண்டியில் இரவு முழுதும் நிறுத்திவைத்த பின் முதல் மிதியிலேயே பெடல் மேலே இருந்தது. இரு பின் சக்கரங்களிலும் காற்று எடுத்துப் பார்த்ததில் குமிழி எதுவும் வரவில்லை.

உரிமையாளர் தூக்கி எறியாமல் வைத்திருந்த பழைய மாஸ்டர் சிலிண்டரை அன்று கொண்டுவந்திருந்தார். இருக்கைகளைப் பிடுங்கிப் பார்த்தோம். இரு வாயில்களிலும் வாத்து மூக்கும் ஸ்பிரிங்கும் இருந்தன; ரப்பர் வெடிப்பின்றி, உதடுகள் நேராக மூடியிருந்தன. துளையின் உட்சுவரிலும் கீறல் இல்லை.